தன்னை வெறுக்கும் நெஞ்சும் தோழமைச் சொல்லும்

சில ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிறுகதைத் தொகுதி ஒன்றிற்கு நாம் மதிப்புரை எழுதியிருந்தோம். அத்தொகுதியில் ஒரு கதையை மற்றவற்றினும் மேலாகப் பாராட்டினோம். தமக்கையின் நகைகளை அடகு வைத்துத் தொடங்கிய வாணிபம் நொடித்துப்போக, 'நான் எதற்கும் உதவாதவன். இந்த வீட்டிற்கே பாரம்' என்று தன்னைத்தானே வெறுத்து, உணவும் உறக்கமும் இழந்து, இருண்ட எண்ணங்களில் அமிழ்ந்து போகும் ஓர் இளைஞனின் கதை அது. இறுதியில் தந்தையாரின் நண்பர் ஒருவர் வருகிறார். பொறுமையின் சிறப்பையும் நன்றியறிதலின் கடமையையும் ஒன்றரைப் பக்கத்திற்கு எடுத்துரைக்கிறார். இளைஞனின் கண்கள் திறக்கின்றன, கதை முடிகிறது. 'மனந்தளர்ந்த இளைஞர்க்கு இக்கதை அருமருந்து' என்று நாம் எழுதினோம்.

மதிப்புரை வெளிவந்து ஒரு திங்கள் சென்றபின் பெயரில்லாக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் ஒரு பெண்மணி. மணவாழ்வு முறிந்து தாய்வீடு திரும்பியவர். தையல் வேலை செய்து பிழைப்பவர். அந்தக் கதையில் வரும் உரையைத் தமக்கும் மூன்று பெரியவர்கள் நிகழ்த்தியதாகவும், ஒவ்வோர் உரைக்குப் பின்னும் தம்மீது தாம் சுமத்தியிருந்த குற்றங்களின் பட்டியலில் 'பொறுமையற்றவள்', 'நன்றி கெட்டவள்' என்று ஒவ்வொன்றாகக் கூடியதாகவும் அவர் எழுதியிருந்தார். பின்பு ஒருநாள், தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த அடுத்த வீட்டு ராத்தா, இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தமக்கும் அத்தகைய இரவுகள் இருந்தன என்று தாழ்ந்த குரலில் சொன்னாராம். அன்றிரவுதான் பல நாட்களுக்குப் பின் தாம் உறங்கியதாக அக்கடிதம் கூறிற்று. இறுதியில் ஒரு கேள்வி: 'அந்தக் கதையில் வரும் பையனுக்கு ஒரு கூட்டாளி கூடவா இல்லை?'

அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை. கதையின் நடையையும் பாத்திரப் படைப்பையும் ஆராய்ந்த நாம், கதையில் இல்லாத ஒருவனைக் காணத் தவறிவிட்டோம். உபதேசிக்கும் பெரியவர் இருக்கிறார். அழும் தாய் இருக்கிறாள். ஏசும் உறவினர் இருக்கின்றனர். இளைஞனோடு ஒரே தரையில் அமரக்கூடிய கூட்டாளி ஒருவன் இல்லை. இது அந்த ஒரு கதையின் குறை மட்டுமன்று. நம் இதழ்களில் வெளிவரும் அறிவுரைக் கதைகள் பலவற்றின் குறையும் இதுவே. நம் பழைய இலக்கியமும் வரலாறும் இவ்விடத்தில் என்ன செய்தன என்று ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதலும் வெறுத்தலும்

தன்னைத் தான் கடிந்துகொள்ளும் உள்ளத்திற்கு நம் மரபில் உயர்ந்த இடமுண்டு. திருமறையின் எழுபத்தைந்தாம் அத்தியாயம், தன்னைப் பழித்துக்கொள்ளும் ஆன்மாவின் மீது ஆணையிட்டே தொடங்குகிறது. ஆகவே, 'தன்னைப் பழித்துக் கொள்கிறான்' என்றவுடன் அதை நோயென்று கூறிவிட நாம் துணியமாட்டோம். ஆயினும் கடிதல் வேறு; வெறுத்தல் வேறு. இரண்டிற்கும் இடையே உள்ள எல்லையைச் சொல்லளவிலேயே வரையறுத்துக் காட்டும் நபிமொழி ஒன்றுண்டு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக வந்து புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்ற அந்த நபிமொழியில், உங்களில் எவரும் தம் உள்ளத்தைக் குறித்து 'கபுஸத்' என்னும் சொல்லைப் பயன்படுத்த வேண்டாம், 'லகிஸத்' என்று கூறட்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் திருத்துகிறார்கள். இரு சொற்களும் பொருளால் நெருங்கியவை என்று உரையாசிரியர்கள் கூறுவர். எனினும் முதற்சொல் அழுகல், இழிவு, தீமை என்னும் நாற்றத்தை உடன் கொண்டுவரும். இரண்டாவது சொல் குமட்டலையும் கலக்கத்தையும் மட்டும் குறிக்கும். 'என் உள்ளம் அழுகிவிட்டது' என்பவன் தன்மீது தீர்ப்பு எழுதுகிறான். 'என் உள்ளம் கலங்கியிருக்கிறது' என்பவன் தன் நிலையைச் சொல்கிறான். தீர்ப்புக்குப் பின் பேச ஒன்றுமில்லை. நிலைமையைச் சொன்னால், 'எப்பொழுதிருந்து? எதனால்?' என்று அருகிருப்பவர் கேட்க இடமுண்டு. துன்பத்தை மறைக்குமாறு இந்நபிமொழி கூறவில்லை என்பதைக் கருத வேண்டும். சொல், ஆனால் உன்னை நீயே இழிவுபடுத்தாத சொல்லால் சொல் என்றே கூறுகிறது.

ஹன்ளலாவின் கதை

இனி, ஒருவர் அத்தீர்ப்பைத் தம்மீது எழுதியே விட்டார் எனின் அருகிருப்பவர் செய்யத்தக்கது யாது? ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்ற ஹன்ளலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இதற்கு விடை தருகிறது. பல்லாண்டுகளாகச் சொற்பொழிவுகளில் நாம் கேட்டுவரும் நிகழ்ச்சிதான். ஆனால் அதன் அமைப்பை ஓர் இலக்கியமாக நோக்கினோமா என்பது ஐயமே.

ஹன்ளலா, அண்ணலாரின் எழுத்தர்களில் ஒருவர். அபூபக்கர் (ரலி) அவர்கள் வழியில் அவரைக் கண்டு நலம் விசாரிக்கிறார்கள். தம்மைப் 'நான்' என்றும் சொல்லாமல், அயலானைச் சுட்டுவது போலத் தம் பெயரைச் சொல்லி, 'ஹன்ளலா நயவஞ்சகனாகிவிட்டான்' என்னும் பொருள்பட அவர் விடையிறுக்கிறார். தன்னை வெறுப்பவன் தன்னிடமிருந்தே விலகி நின்று தன்னைச் சுட்டுவதை இதனினும் நுட்பமாகக் காட்டவியலாது. அபூபக்கர் (ரலி) காரணம் வினவுகிறார்கள். அண்ணலாரின் அவையில் இருக்கையில் சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்பதாகவும், வீடு திரும்பி மனைவி மக்களோடும் உடைமைகளோடும் கலந்தபின் அவற்றில் பெரும்பகுதி மறந்துபோவதாகவும் ஹன்ளலா கூறுகிறார்.

இவ்விடத்தில் நம் கதாசிரியர் ஒருவர் எழுதுகோலைப் பிடித்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? அபூபக்கரின் வாயிலிருந்து ஒன்றரைப் பக்க அறிவுரை பிறந்திருக்கும். சொல்வதற்கு அவர்களினும் தகுதியுடையார் யார்? ஆனால் அவர்கள் கூறியது, தாங்களும் அதே நிலையைத்தான் காண்கிறோம் என்பதே. 'நீ நல்லவன்தான், கவலைப்படாதே' என்று மறுக்கவுமில்லை. 'உன் ஈமானைச் சரிபார்' என்று இடிக்கவுமில்லை. தம்மை அவர் அருகில் இறக்கி வைத்தார்கள். பின்னர் அவரை மட்டும் அனுப்பாமல், இருவருமாகச் சேர்ந்தே அண்ணலாரிடம் சென்றார்கள். அங்கே கிடைத்த விடையும் மனித இயல்பை ஒப்புக்கொள்ளும் விடையே. எப்பொழுதும் அந்நிலையிலேயே இருந்தால் வானவர்கள் வந்து கைகொடுப்பார்கள், ஆனால் இதற்கொரு வேளை அதற்கொரு வேளை என்று, ஹன்ளலாவைப் பெயர் சொல்லி அழைத்து, மும்முறை உரைத்தார்கள்.

கேட்டல், தாமும் அப்படியே எனல், உடன் செல்லல் ஆகிய மூன்றுமே இக்கதையின் அமைப்பு. ஒவ்வொன்றும் அடுத்ததற்குத் தேவையாயிருக்கிறது. கேளாமல் 'எனக்கும் அப்படித்தான்' என்றால் அது வாய்ப்பேச்சு. அவ்வாறு சொல்லிவிட்டு உடன் செல்லாமல் நின்றால் அது வெறும் ஆறுதல்.

கஃபு சொன்ன வரலாறு

இரண்டாவது சான்று இன்னும் நீண்டது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு, கி.பி. 630இல், தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் பின்தங்கிய கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் வாழ்வின் இருண்ட ஐம்பது நாட்களைத் தாமே சொல்லிய வரலாறு புகாரியில் உள்ளது. கஃபு ஒரு கவிஞர். முதுமையில் கண்பார்வை இழந்தபின், தம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் மகனுக்கு அவர் சொல்லிய கதை இது. தன்வரலாறு என்னும் இலக்கிய வகையை ஆராய்வோர் அரபு உரைநடையின் இத்தொன்மையான ஏட்டை மறவாதிருத்தல் வேண்டும்.

பின்தங்கியோர் பலர் பொய்க்காரணம் கூறித் தப்பினர். கஃபு, காரணம் ஒன்றுமில்லை என்று உண்மையை உரைத்தார். தீர்ப்பு வரும்வரை எவரும் அவரோடு பேசலாகாது என்று கட்டளை பிறந்தது. அக்கட்டளையின் நோக்கம் வேறு. அது இங்கு நம் ஆய்வுக்குரியதன்று. கதை சொல்பவர் எவ்வெவற்றை நினைவில் வைத்திருக்கிறார் என்பதையே நாம் நோக்குகிறோம்.

உண்மையை உரைத்துவிட்டு வெளியே வந்தவரைக் குலத்தார் சூழ்ந்துகொண்டு, 'நீயும் ஒரு காரணம் சொல்லியிருக்கலாமே' என்று இடித்துரைக்கின்றனர். திரும்பிச் சென்று பொய் சொல்லிவிடலாமா என்னும் அளவிற்கு அவர் மனம் தளர்கிறது. அப்பொழுது அவர் கேட்கும் கேள்வி: என்னைப் போன்ற நிலை வேறு எவருக்கேனும் நேர்ந்ததா? ஆம், இருவர் உளர் என்கின்றனர். முராரா, ஹிலால் என்ற இருவரின் பெயர்களும் சொல்லப்படுகின்றன. பத்ரில் கலந்துகொண்ட நன்மக்கள் அவர்கள் என்று கஃபு நினைவுகூர்கிறார். அவர்களில் தமக்கு முன்மாதிரி கண்டதாகவும், அதனால் உறுதியாக நின்றதாகவும் கூறுகிறார். ஒத்த துன்பத்தில் நிற்கும் இருவரின் பெயர், அவ்வளவே. அவர்களோடு உரையாடவும் அவருக்கு வாய்ப்பில்லை. ஆயினும் 'நான் ஒருவன் மட்டும்' என்னும் எண்ணம் உடைந்தது. தன்னை வெறுப்பவனைக் கொல்லும் எண்ணம் அதுவன்றோ!

பின்வரும் நாட்களில் அந்த இருவரும் வீட்டினுள் முடங்கி அழுதுகொண்டிருக்க, வயதில் இளையவரான கஃபு தொழுகைக்கும் கடைத்தெருவிற்கும் சென்றுவந்தார். தம் அன்பிற்குரிய உறவினர் அபூ கதாதாவின் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து ஸலாம் உரைத்தும் பதில் கிடைக்காமல் கண்ணீரோடு திரும்பினார். கஸ்ஸான் நாட்டு மன்னனிடமிருந்து, எங்களிடம் வந்துவிடு என்னும் கடிதம் வந்தபோது, இதுவும் ஒரு சோதனையென்று அதை அடுப்பிலிட்டார். தனித்தவனைத் தேடி எத்தகைய நட்புகள் வரும் என்பதற்கு இக்கடிதம் ஓர் எச்சரிக்கை. மனமுடைந்த பிள்ளையை நல்லோர் நெருங்காவிடின் வேறொருவர் நெருங்குவார்.

ஐம்பதாம் நாள் வைகறையில் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. கஃபு பள்ளிவாசலுக்குள் நுழைகிறார். அவையிலிருந்து தல்ஹா (ரலி) அவர்கள் எழுந்து, விரைந்து வந்து, கைபற்றி வாழ்த்துகிறார்கள். முஹாஜிர்களில் வேறெவரும் எழவில்லை என்றும், தல்ஹாவின் அச்செயலைத் தாம் மறக்கவே இல்லை என்றும் கஃபு சொல்கிறார். இறைவனின் மன்னிப்பே கிடைத்துவிட்ட ஒருவர், முதுமையில், பார்வையிழந்த நிலையில், ஒரு தோழர் எழுந்து வந்த சில அடிகளை எண்ணி வைத்திருக்கிறார்! இலக்கியம் தெரிந்தவர்க்கு இந்த ஒரு குறிப்பே போதும். மன்னிக்கப்பட்டவனுக்கும் கைகொடுப்பார் ஒருவர் தேவை.

மருத்துவரும் இமாமும்

இவை தோழர்களின் வரலாறு. நூலெழுதிய அறிஞர்கள் என்ன கூறினர்? பல்க் நாட்டு அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, கி.பி. 934இல் மறைந்தவர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்' என்னும் தம் நூலின் ஒரு பகுதியை உடலுக்கும் மறுபகுதியை உள்ளத்திற்கும் ஒதுக்கினார். சினம், அச்சம், துயரம், தீய ஊசாட்டம் ஆகிய நான்கிற்கும் தனித்தனி அத்தியாயங்கள் வகுத்தார். இஸ்தன்பூலின் ஆயா ஸோஃபியா நூலகச் சேகரத்தில் கையெழுத்துப் படியாக இருந்த இந்நூலை 1984இல் பிராங்க்பர்ட் நகரிலிருந்து ஃபுவாத் ஸெஸ்கின் படப்பதிப்பாக வெளியிட்டார். அதன் பின்னரே இக்கால உளவியலார் பலர் இதனை அறிந்தனர்.

துயரத்தை இவர் இரு வகையாகப் பிரிக்கிறார். இழப்பு முதலிய தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று. காரணம் புலப்படாமல் வருவது மற்றொன்று. பின்னதற்கு உடலும் காரணமாதலின் உடல் மருத்துவம் வேண்டும் என்கிறார். காரணமின்றித் துயருறுவோரை 'ஈமான் குறைந்தவர்' என்று இன்றும் ஏசுவோர், ஆயிரமாண்டுக்கு முற்பட்ட இம்மருத்துவரின் பிரிவினையைக் கற்பது நலம். உள்ளத்து நோய்க்கு உள்ளிருந்து வரும் மருந்தும் வெளியிலிருந்து வரும் மருந்தும் உண்டென்றும், கலங்கிய மனம் தன் சொல்லைவிடப் பிறர் சொல்லை எளிதில் ஏற்குமென்றும் அவர் கருதினார். ஊசாட்டத்தால் அலைக்கழிக்கப்படுவோர்க்கு அவர் முதன்மையாக விலக்குவது தனிமையை. தனித்திருக்கையில் உள்ளம் தன்னோடு தானே பேசத் தொடங்கும். அப்பேச்சே நோயை வளர்க்கும் என்பது அவர் கண்ட உண்மை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அல்-முன்கித் மினள் ளலால்' இதற்கு எதிர்முனையில் நிற்பது போலத் தோன்றும். கி.பி. 1095இல் பக்தாதின் நிஜாமிய்யாக் கலாசாலையில் புகழின் உச்சியிலிருந்த இமாமவர்கள், தம் நோக்கம் தூயதன்று என்னும் தற்பழியால் ஏறத்தாழ ஆறு திங்கள் அலைக்கழிந்தார்கள். நாவு எழவில்லை, உணவு இறங்கவில்லை, இது நெஞ்சில் பிறந்த நோய் என்று மருத்துவர்கள் கைவிட்டனர். மக்கா செல்வதாகக் கூறிவிட்டுச் சிரியாவை நோக்கிச் சென்றார்கள். நண்பர்களிடமும் உண்மையை வெளியிடவில்லை. இந்நூலில் ஹன்ளலாவுக்குக் கிடைத்ததைப் போன்ற ஓர் அபூபக்கர் இல்லை. படிக்கையில் அந்த வெறுமை நம்மை வருத்துகிறது.

எனினும் தனிமையே வழியென்று இமாமவர்கள் முடிவு கட்டினார்களா? இஹ்யாவின் இரண்டாம் பாகத்தைத் திறந்து பார்ப்போம். ஒதுங்கி வாழ்தலைப் பற்றிய நூலுக்கு முன்பாகவே தோழமையையும் சகோதரத்துவத்தையும் பற்றிய நூலை வைத்திருக்கிறார்கள். அதில் தோழனுக்குரிய கடமைகள் எட்டு. குறையைப் பிறரிடம் சொல்லாது நாவடக்குவதும், சறுக்கியவனைக் கைவிடாது பொறுப்பதும் அவற்றுள் அடங்கும். தன் குறையை அறிய விரும்புபவன் உண்மையான நண்பனைத் துணைக்கொள்ள வேண்டுமென்று பிறிதோரிடத்தில் எழுதுகிறார்கள். தனிமையின் பாதையை நடந்து பார்த்தவர் எழுதிய சொற்கள் இவை.

பன்மையில் பாடப்படும் ஒருமை

நம் தமிழிலக்கியம் இதற்கு விலக்கன்று. முனாஜாத்து என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். பாவி, பேதை, ஏதுமற்றவன் என்று பாடுபவர் தம்மைப் பழித்துக்கொள்ளும் அடிகள் அதில் நிறைய உண்டு. ஏட்டில் தனியே படித்தால், இத்தனை தற்பழி ஒரு மனிதர்க்குத் தகுமா என்று தோன்றும். ஆனால் முனாஜாத்து ஏட்டில் படிப்பதற்கென்று எழுந்ததன்று. வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூடியும், மஜ்லிஸில் ஆடவர் கூடியும் பாடுவதற்கு எழுந்தது. 'நான்' என்னும் ஒருமைச் சொல்லை இருபது வாய்கள் ஒருசேர உச்சரிக்கும்போது அச்சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. என் பக்கத்தில் இருப்பவளும் அதையே பாடுகிறாள். நான் ஒருத்தி மட்டுமல்லள் என்று அவள் குரல் சொல்லிவிடுகிறது. ஹன்ளலாவுக்கு அபூபக்கர் சொன்ன விடையை, நம் அன்னையர் இசையாக்கி வைத்திருந்தனர் எனலாம்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் கண்ணிகளிலும் தற்பழி கடுமையாகவே உண்டு. ஆனால் பராபரக்கண்ணியில் ஒவ்வொரு கண்ணியும் பராபரத்தை விளித்தே முடிகிறது. ஒவ்வொரு முறையும் துன்பம் ஒருவரை நோக்கிச் செலுத்தப்படுகிறது. உள்ளேயே சுழன்று நஞ்சாவதில்லை. தற்பழி பாட்டாவதும் நஞ்சாவதும் அதைக் கேட்க ஒருவர் இருப்பதைப் பொறுத்தது என்பது நம் துணிபு.

இன்றைய உரைநடைக் கதைகளோ இந்த மரபிலிருந்து வழுவி, சொற்பொழிவின் மரபில் புகுந்துவிட்டன. துன்புறுபவன் கீழே, உபதேசிப்பவர் மேலே என்னும் அமைப்பே எங்கும் காணப்படுகிறது. அறிவுரை தவறென்று நாம் கூறவில்லை. அறிவுரையின் பொருள் முழுவதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தன்னை வெறுப்பவன் அதை எவ்வாறு கேட்கிறான்? 'பொறுமை கொள்' என்பது 'நீ பொறுமையற்றவன்' என்றும், 'பிறரைப் பார், அவர்களுக்கு எவ்வளவு துன்பம்' என்பது 'உனக்குத் துன்பப்படவும் தகுதியில்லை' என்றும் அவன் செவியில் விழும். அந்தப் பெண்மணியின் பட்டியல் அப்படித்தான் நீண்டது.

இரு தடைகள்

இங்கே இரு தடைகள் எழலாம். முதலாவது: 'எனக்கும் அப்படித்தான்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் குற்றம் குற்றமாகவே தோன்றாமல் போகுமே என்பது. மது அருந்தியமைக்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டுத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் செய்தி புகாரியில் வருகிறது. தண்டனை நிறுத்தப்படவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது அண்ணலார் தடுத்து, அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று கூறினார்கள். இத்தகைய மற்றோர் அறிவிப்பில், உங்கள் சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்றும் கூறினார்கள். செயலைக் குற்றமென்பதற்கும் மனிதனை வெறுப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு இங்கே விளங்குகிறது. அவ்வேறுபாட்டைத் தன்னை வெறுப்பவனால் தானே காண முடியாது. அவனுக்காக அதைக் காண்பதற்கே தோழன் வேண்டும்.

இரண்டாவது தடை: வீட்டுத் துன்பத்தை வெளியில் சொன்னால் மானம் போகுமே என்பது. நம் குடும்பங்களில் இவ்வச்சம் பெரிது, காரணமில்லாததும் அன்று. கேட்டதைக் கடைத்தெருவில் விற்பவனைத் தோழனென்று கொள்ளலாகாது. இமாம் கஸ்ஸாலி அவர்கள் நாவடக்கத்தைத் தோழமையின் கடமையாக வைத்தது இதனாலேயே. சொல்லப்பட்டது அமானிதம். அமானிதம் காக்கத் தெரிந்த இருவர் ஒரு தெருவில் இருந்தால் அத்தெரு பாதுகாப்பானது.

பிற நாட்டு அனுபவமும் இதனை உறுதிப்படுத்துகிறது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிப்பழக்கத்தால் சீரழிந்த பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்துத் தத்தம் கதையைப் பேசிக்கொண்டதிலிருந்து, பெயர் வெளியிடாத குடிநோயாளர்களின் தோழமை இயக்கம் பிறந்தது. 1953இல் லண்டனில், உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு வருவோரைக் காணச் சாட் வாரா என்னும் பாதிரியார் ஏற்பாடு செய்தார். அவரைக் காணக் காத்திருப்போருக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாய் இருந்த தொண்டர்களிடமே பலர் மனத்தைக் கொட்டிவிட்டு, பாதிரியாரைக் காணும் தேவையின்றித் திரும்பினர். அடுத்த ஆண்டிலேயே கேட்கும் பணியை அவர் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். அதே வழியில் 1974இல் இலங்கையில் சுமித்ரயோவும், 1986இல் சென்னையில் ஸ்நேகாவும் தோன்றின. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 2006 முதல், பயிற்சி பெற்ற பாட்டிமார் மர விசிப்பலகையில் அமர்ந்து, 'மிகுதியாகச் சிந்தித்தல்' என்று அம்மக்கள் வழங்கும் மனநோவுக்குச் செவிகொடுத்து வருகின்றனர். அவர்களிடம் வந்தோர்க்குத் துன்பம் குறைந்ததை 2016இல் வெளிவந்த மருத்துவ ஆய்வு காட்டியது. அப்பாட்டிமாரைக் கண்டு திரும்பியோர், பின்னர்த் தம்முள் வட்டமாகக் கூடிப் பைகள் பின்னியபடி ஒருவர்க்கொருவர் துணையாயினர். நம் கடிதத்தின் ராத்தா உட்கார்ந்த திண்ணைக்கும் அந்த விசிப்பலகைக்கும் என்ன வேறுபாடு?

எனினும் தோழமை மருத்துவத்திற்கு மாற்றன்று. பல்கீ வகுத்தவாறு உடலைச் சார்ந்த துயரமும் உண்டு. அதற்கு மருத்துவர் வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் வாயில் வந்துவிட்டால் தோழர் செய்யவேண்டியது, ஹன்ளலாவை அபூபக்கர் அழைத்துச் சென்றது போல, அவரைத் தனியே விடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே. நள்ளிரவில் எவரும் அருகில்லாதபோது நம் நாட்டில் 14416 என்னும் அரசு உதவி எண் உண்டு. அதில் பேசுவது இழிவன்று.

முடிவாக, நாம் முன்னர் எழுதிய மதிப்புரையை இங்கே திருத்திக்கொள்கிறோம். அக்கதை அருமருந்தன்று. நல்ல தமிழில் எழுதப்பட்ட, நல்ல எண்ணம் கொண்ட, துன்புற்றவனைத் தனியே விட்ட கதை. அதை எழுதிய இளைஞரைவிட, அதை மருந்தென்று சான்று கொடுத்த நம் குற்றமே பெரிது. அவர் மீண்டும் எழுதுவாராயின் அந்தப் பெரியவரைக் கதையிலிருந்து நீக்க வேண்டியதில்லை. அவர் வருமுன், கடை மூடியபின் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு இளைஞனின் அருகில் வந்து உட்காரும் கூட்டாளி ஒருவனைப் படைக்கட்டும். அவன் ஒன்றரைப் பக்கம் பேச வேண்டாம். கேட்கட்டும், தன்னுடையதையும் சொல்லட்டும், எழுந்து போகும்போது அவனையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.

பெயர் எழுதாத அந்தச் சகோதரிக்கு நாம் நேரே விடை எழுத முகவரி இல்லை. இக்கட்டுரையே விடை. உங்கள் கேள்வி சரியானது, அம்மா. அதைக் கேட்கத் தெரியாமல் போனவர்கள் நாங்கள். இப்பொழுது உங்கள் தெருவிலும் யாரேனும் தைக்கத் துணி கொடுக்க வந்து, கொடுத்துவிட்டும் போகாமல் நின்றுகொண்டிருக்கலாம். திண்ணையில் இடம் கொடுங்கள்.